மெஷினுக்குத் தெரியாத திட்டுகள்

ஒலிப்பதிவாளர்: சார்... கொஞ்சம் மூச்சு விடாம இருங்க.

கணவர்: எவ்வளவு நேரம்மா?

ஒலிப்பதிவாளர்: மேடம் அந்த வார்த்தையச் சொல்லி முடிக்கிற வரைக்கும்.

கணவர்: இவ சொல்லி முடிக்கிற வரைக்கும் மூச்சடக்கணும்னா, நான் கல்யாணத்துக்கு மறுநாளே போய்ச் சேந்திருப்பேன்.

மனைவி: இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. அடக்கிப் பாருங்க.

ஒலிப்பதிவாளர்: மைக் ரொம்ப நுணுக்கம் சார். நீங்க மூக்கால விடுற காத்து மேடம் குரல் மேல வந்து விழுது. அப்புறம் மெஷின் பேசும்போது ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாடியும் உங்க மூச்சு கேக்கும்.

மனைவி: அய்யோ வேணாம். வீட்ல கேக்குறது போதும்.

கணவர்: நான் வெளிய உக்காந்துக்கறேன்னு முதல்லயே சொன்னேன்ல?

மனைவி: நீங்க வெளிய போயிட்டா நான் யார திட்டுறது? செவுத்தையா? ஆளு எதிர்ல இருந்தாத்தான் திட்டு திட்டு மாதிரி வரும். உக்காருங்க.

ஒலிப்பதிவாளர்: அந்த நாற்காலியும் சத்தம் போடுது சார்.

கணவர்: சரி, நின்னுக்கறேன்.

ஒலிப்பதிவாளர்: ...முட்டியும் சத்தம் போடுது சார்.

கணவர்: அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ஒரிஜினல் பார்ட்டு.

ஒலிப்பதிவாளர்: பரவால்ல. மேடம், ரெடியா? எதிர்ல சிவப்பு விளக்கு எரிஞ்சதும் சொல்லுங்க.

மனைவி: குரோக்.

ஒலிப்பதிவாளர்: இன்னொரு தடவ, கொஞ்சம் கோவமா.

மனைவி: குரோக்! குரோக் பண்ணாதீங்க!

ஒலிப்பதிவாளர்: சூப்பர். வந்துருச்சு. மேடம், ஒண்ணு கேக்கலாமா... இது என்ன பாஷை?

மனைவி: இங்கிலீஷ்.

ஒலிப்பதிவாளர்: நானும் இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவதான் மேடம்.

கணவர்: அதனாலதான் தெரியல.

மனைவி: சும்மா இருங்க. இது செத்துப் போன இங்கிலீஷும்மா. இப்ப யாரும் பேசுறதில்ல. ஒருத்தர் சாப்பிடும்போது எதிர்ல வந்து உக்காந்து, வாயத் திறந்து ஒண்ணும் கேக்காம, தட்டையே பாத்துக்கிட்டு இருக்கறது இருக்கு பாருங்க... கண்ணாலயே கை நீட்டுறது. அதுதான் குரோக்.

ஒலிப்பதிவாளர்: அதுக்குப் போய் ஒரு வார்த்தையா?

மனைவி: மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை போதும். இவருக்கு ரெண்டு வேணும். டாக்டர் இவர இனிப்பத் தொடவே கூடாதுன்னுட்டாரு. அன்னையிலருந்து நான் ஒரு துண்டு கேக் எடுத்தா போதும், எதிர்ல ஆஜர்.

கணவர்: தொடலியே. பாத்தேன். பாக்குறதுக்கு டாக்டர் தடை போடல.

மனைவி: அந்தப் பார்வையிலயே கேக்குல பாதி கரைஞ்சுரும்மா.

ஒலிப்பதிவாளர்: அது சரி மேடம், முந்தாநாள் நீங்க படிச்ச வரிகள வச்சு மெஷின் தயார் ஆயிருச்சு. இனிமே நீங்க என்ன டைப் பண்ணாலும் உங்க குரல்லயே பேசும். இந்த வார்த்தைங்கள மட்டும் ஏன் தனியா பதியணும்?

மனைவி: குரோக்னு டைப் பண்ணிப் பாருங்க.

ஒலிப்பதிவாளர்: பண்றேன்... இந்தாங்க, கேளுங்க.

மெஷின்: ஜி. ஆர். ஓ. ஏ. கே.

மனைவி: பாத்தீங்களா? அதுக்குத் தெரியல. ஒருத்தர திட்டும்போது நின்னு நிதானமா ஸ்பெல்லிங்கா சொல்லிட்டிருக்க முடியும்? அதுக்குள்ள இவரு கேக் முழுசையும் முடிச்சுட்டு கை கழுவிடுவாரு.

கணவர்: ஒரு நிமிஷம்... அது இவ குரலா?

ஒலிப்பதிவாளர்: ஆமா சார். இன்னும் கேக்குறீங்களா? 'தண்ணி வேணும்'ங்கற பட்டன அழுத்தறேன்.

மெஷின்: தயவுசெய்து எனக்குக் கொஞ்சம் தண்ணீர் தாருங்கள்.

கணவர்: ...இது யாரு?

மனைவி: நான்தான்.

கணவர்: குரல் உன்னோடதுதான். ஆனா இவ யாரு? 'தயவுசெய்து'வா? 'தாருங்கள்'ளா? இவள நான் கட்டிக்கவே இல்லையே.

மனைவி: நல்லாத்தான இருக்கா. அடக்க ஒடுக்கமா.

கணவர்: எனக்கு பயமா இருக்கு. இவ வீட்ல இருந்தா நான் சட்டை போட்டுக்கிட்டுத்தான் டிவி பாக்கணும்.

ஒலிப்பதிவாளர்: திரையில வந்த வரி எல்லாம் எழுத்துத் தமிழ்ல இருந்துச்சு சார். மேடம் அப்படியே படிச்சாங்க. நீங்க எப்படி டைப் பண்றீங்களோ அப்படிப் பேசும். கவலைப்படாதீங்க.

மனைவி: 'தண்ணி எங்க?'ன்னு டைப் பண்ணிக்கறேன். தொரைக்குப் பழக்கமான பாஷையில.

ஒலிப்பதிவாளர்: சரி, இந்த வார்த்தைங்கள எங்க மேடம் புடிச்சீங்க?

மனைவி: கட்டில் காலுக்கு அடியில.

ஒலிப்பதிவாளர்: என்னது?

கணவர்: நிஜம்மா. எங்க கட்டிலுக்கு ஒரு கால் கட்டை. பழைய டிக்‌ஷனரி ஒண்ண முட்டுக் குடுத்திருந்தோம். அட்டை போயிருச்சு. ஆனா நல்ல கனம். அறிவு எங்க குடும்பத்துல அப்படித்தான் பயன்பட்டுச்சு.

மனைவி: கூட்டுக் குடும்பம். ரூமுக்கு ரூம் நடுவுல பலகைதான், சுவர் கிடையாது. நான் புதுசா வந்தவ. இவர ஒரு வார்த்தை திட்டணும்னாலும் ஊரையே கூட்டி வச்சுத் திட்டற மாதிரிதான். தமிழ்ல திட்டினா அத்தைக்குக் கேக்கும்.

ஒலிப்பதிவாளர்: இங்கிலீஷ்ல திட்டிருக்கலாம்ல? நல்ல இங்கிலீஷ்ல?

கணவர்: எங்க அண்ணன் காலேஜ்ல இங்கிலீஷ் புரொபசர்.

மனைவி: அதையும் செஞ்சு பாத்தேனே! ஒரு நாள் இவர 'யூ ஆர் இம்பாசிபிள்'னேன். பலகைக்கு அந்தப் பக்கத்துலருந்து அவர் குரல்... 'இம்பாசிபிள் வேண்டாம்மா, இன்டாலரபிள். அதுதான் இந்த இடத்துக்குப் பொருந்தும்.'

ஒலிப்பதிவாளர்: அய்யய்யோ!

கணவர்: திட்டுறது பொண்டாட்டி, திருத்துறது அண்ணன். எனக்கு ரெண்டு பக்கமும் அடி.

மனைவி: அன்னைக்கே கட்டில் கால்லருந்து புக்க உருவிட்டேன்.

கணவர்: உருவும்போது நான் அதுல படுத்திருந்தேன். அதையும் சொல்லு.

மனைவி: படுத்திருந்தாரு. உருண்டாரு. அந்தப் புரொபசருக்கே தெரியாத வார்த்தையா பாத்து எடுக்கணும்னு பக்கம் பக்கமா தேடினேன். முதல்ல கெடச்சது ஃபஜல்.

ஒலிப்பதிவாளர்: ஃபஜல்னா?

மனைவி: மும்முரமா வேலை செய்யற மாதிரி நடிச்சுக்கிட்டு, ஒண்ணுமே செய்யாம இருக்கறது.

ஒலிப்பதிவாளர்: அதுக்கு எங்க ஆபீஸ்ல மீட்டிங்னு பேரு மேடம்.

மனைவி: இவரு ஸ்க்ரூ டிரைவரக் கையில வச்சுக்கிட்டு, ஸ்டூல் மேல ஏறி, ஃபேனையே பாத்துக்கிட்டு நிப்பாரு. அது தானா மனசு மாறி ஓடும்ங்கற மாதிரி. அத்தை 'புள்ள காலைலருந்து என்ன பாடு படுறான்'னு டீ போட்டுக் குடுப்பாங்க. நான் 'நல்லா ஃபஜல் பண்ணுங்க'ம்பேன். அத்தை பூரிச்சுப் போயிருவாங்க... 'மருமக எவ்வளவு ஊக்கமா பேசுறா பாரு'ன்னு.

கணவர்: ஃபேன் ஓடுச்சுல்ல கடைசியில?

மனைவி: கரண்ட் வந்துச்சு. ஓடுச்சு.

ஒலிப்பதிவாளர்: சார் நீங்க சும்மாவா இருந்தீங்க? நீங்க ஒண்ணும் திட்டலியா?

கணவர்: நான் எங்க திட்டறதும்மா! நான் கொஞ்சினேன். அதே புக்குலருந்து ஒரு நல்ல வார்த்தையா பாத்து எடுத்து, எல்லாரும் இருக்கும்போது ஆசையா 'ஸ்னவுட்ஃபேர்'னு கூப்பிட்டேன்.

மனைவி: ஸ்னவுட்னா என்னன்னு எனக்குத் தெரியும். பன்னிக்கு இருக்கறது. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டேன்.

கணவர்: அழகான முகம்னு அர்த்தம்மா! பேரழகின்னு! பஸ் ஸ்டாண்டு வரைக்கும் டிக்‌ஷனரியத் தூக்கிக்கிட்டு ஓடினேன். அவ்வளவு கனத்தையும்.

மனைவி: கண்டக்டர் படிச்சுப் பாத்துட்டு, 'சரியாத்தான் சொல்லிருக்காரு, இறங்கிடுங்க'ன்னாரு. இறங்கிட்டேன்.

ஒலிப்பதிவாளர்: அய்யோ, சிரிச்சு மைக்க நானே கெடுத்துருவேன் போல... மேடம், சிரிப்புன்னதும் ஞாபகம் வருது. மெஷினுக்குச் சிரிக்கத் தெரியாது. உங்க சிரிப்பு ஒண்ணு தனியா வேணும்.

மனைவி: சும்மா சிரின்னா எப்படிச் சிரிக்கறது? ஹ... ஹஹ.

ஒலிப்பதிவாளர்: இது இருமல் மாதிரி இருக்கு மேடம்.

கணவர்: விளக்கப் போடுங்க. நான் வர வைக்கறேன்.

மனைவி: வேணாம். எதச் சொல்லப் போறீங்கன்னு தெரியும்.

கணவர்: அண்ணனோட ரிட்டயர்மென்ட் விழா.

மனைவி: வேணாம்னேன்ல... வேணாங்க...

கணவர்: விஷயம் என்னன்னாம்மா, எங்க அண்ணன் எல்லாத்துக்கும் கருத்து சொல்வாரு. அடுப்பு, பைப்பு, பிரசவம், எதுவும் பாக்கி கிடையாது. தெரியாத விஷயம்னா இன்னும் கொஞ்சம் கூடுதலா சொல்வாரு. ஒரு நாள் இவ தைச்சுக்கிட்டிருக்கா. அவரு வந்து மிஷினுக்கு எப்படி ஊசி மாட்டணும்னு கிளாஸ் எடுத்தாரு. இவ பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, பணிவா எழுந்து நின்னு, 'நீங்க ஒரு பெரிய அல்ட்ராகிரெபிடேரியன்'னுட்டா.

ஒலிப்பதிவாளர்: அப்படின்னா?

மனைவி: தனக்கு ஒண்ணுமே தெரியாத விஷயத்துல... ஹஹ... வாய் கிழியப் பேசுறவரு...

கணவர்: அண்ணனுக்கு அந்த வார்த்தை தெரியாது. தெரியாதுன்னு ஒத்துக்க புரொபசருக்கு வாய் வருமா? 'ரொம்ப நன்றிம்மா, எல்லாம் உழைப்பு'ன்னாரு.

மனைவி: ஹஹஹ... போதுங்க...

கணவர்: அதோட விட்டாரா? காலேஜ்ல வழியனுப்பு விழா. மாலை, மேடை, பிரின்சிபால். அண்ணன் மைக்கப் புடிச்சாரு. 'நான் பெருமைக்காகச் சொல்லல. என் தம்பி மனைவியே சொல்லிருக்கா... நான் ஒரு அல்ட்ராகிரெபிடேரியன்!' டிபார்ட்மென்ட் மொத்தமும் எழுந்து நின்னு கை தட்டுச்சு.

மனைவி: ஹஹஹஹா... ஒருத்தர்கூட... ஒருத்தர்கூட அர்த்தம் கேக்கல... ஹஹஹா... அய்யோ தொண்ட...

ஒலிப்பதிவாளர்: வந்துருச்சு! சூப்பர் சிரிப்பு மேடம். தண்ணி குடிங்க... மெதுவா. போதுமா, நிறுத்திக்கலாமா?

மனைவி: இல்ல இல்ல. இன்னும் இருக்கு. நிறுத்தினா அப்புறம் எப்ப எடுக்கறது?

ஒலிப்பதிவாளர்: சரி. அடுத்தது என்ன?

மனைவி: ஓவர்மாரோ.

ஒலிப்பதிவாளர்: இது திட்டு மாதிரி இல்லியே.

கணவர்: டுமாரோவுக்கு அடுத்த நாள். நாளன்னைக்கு.

ஒலிப்பதிவாளர்: நாளன்னைக்குக்கு இங்கிலீஷ்ல வார்த்தையே கிடையாதே சார். சுத்தி வளைச்சுத்தான சொல்லணும்?

கணவர்: இருந்துச்சும்மா. வச்சுக்கத் தெரியாம தொலைச்சுட்டாங்க. நாம பாருங்க, நாளன்னைக்கையும் முந்தாநாளையும் எவ்வளவு பத்திரமா வச்சிருக்கோம்.

மனைவி: இவருக்கு அது ரொம்பத் தேவையான வார்த்தை. குழாய் ஒழுகுதுன்னா 'நாளைக்குப் பாக்கறேன்'னு சொல்லமாட்டாரு. அப்படிச் சொன்னா நாளைக்குப் பாக்கணும்ல? ஓவர்மாரோம்பாரு.

ஒலிப்பதிவாளர்: விளக்கு போட்டாச்சு. சொல்லுங்க.

மனைவி: ஓவர்மாரோ.

ஒலிப்பதிவாளர்: லேசா நடுங்குது மேடம். இன்னொரு தடவ.

மனைவி: ஓவர்... மாரோ.

கணவர்: இத விட்டுடுங்கம்மா.

ஒலிப்பதிவாளர்: ஏன் சார், நல்ல வார்த்தைதான?

கணவர்: விட்டுடுங்க. வேற எடுங்க.

மனைவி: ஆபரேஷன் ஓவர்மாரோதான். அதுக்குத்தான் தொரை இப்படி... தொண்டையத் திறந்து, குரல்பெட்டிய மொத்தமா எடுத்துடறாங்க. உசிரு இருக்கும், சத்தம் இருக்காது.

ஒலிப்பதிவாளர்: தெரியும் மேடம். ஆஸ்பத்திரியிலருந்து சொல்லித்தான் அனுப்பினாங்க.

மனைவி: உங்களுக்குத் தெரியும். இவரு தெரியாத மாதிரியே சுத்திக்கிட்டிருக்காரு. காலைல குளியலறைக் கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு, 'அடுத்த வாரம் கஸ்டமருக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு'ங்கறாரு என்கிட்ட. அதான் இப்ப ஆபரேஷன்னு வாய்விட்டுச் சொன்னேன். இப்ப எடுங்க, நடுங்காது. ஓவர்மாரோ.

ஒலிப்பதிவாளர்: ...வந்துருச்சு. கஸ்டமர்னா? கடையா வச்சிருக்கீங்க?

கணவர்: கண்ணாடிக் கடை. மூக்குக் கண்ணாடி. லென்ஸ் நான் தேய்ப்பேன். கண்ண டெஸ்ட் பண்றது இவ.

மனைவி: அது பதியணும்! மறந்தே போயிட்டேன். போடுங்க விளக்க. 'இது தெளிவா... அது தெளிவா?'

ஒலிப்பதிவாளர்: இதையும் டைப் பண்ணாலே பேசுமே மேடம்.

மனைவி: பேசும். ஆனா வர்றவன் பயந்துக்கிட்டே வருவான், பரீட்சைக்கு வந்த மாதிரி. தப்பாச் சொன்னா ஃபெயிலாக்கிடுவாங்களோன்னு. ரெண்டும் ஒரே மாதிரி மங்கலா இருந்தாக்கூட வெக்கப்பட்டுக்கிட்டு 'இதுதாங்க தெளிவு'ம்பான். 'அது தெளிவா?'ங்கறப்ப கொஞ்சம் இழுத்து, தெரியலன்னாலும் பரவால்லப்பாங்கற மாதிரி கேக்கணும். இது தெளிவா... அது தெளிவாஆ?

கணவர்: அந்த இழுப்புக்குத்தான் கடைக்குக் கூட்டமே வருது. என் லென்ஸுக்கு இல்ல.

மனைவி: பாராட்டா? தேதி குறிச்சு வைங்க.

ஒலிப்பதிவாளர்: வந்துருச்சு, இழுப்போட. மேடம், இத்தனை திட்டு பதிஞ்சாச்சு. அந்தப் புக்குல நல்ல வார்த்தை ஒண்ணுகூடவா இல்ல? இவர ஆசையாக் கூப்பிட?

மனைவி: ஆசையாக் கூப்பிட எதுக்கும்மா ரகசிய பாஷை...

கணவர்: அப்ரிசிட்டி.

மனைவி: ஆமால்ல... அது இருக்கு.

ஒலிப்பதிவாளர்: அதுக்கு என்ன அர்த்தம்?

மனைவி: குளிர்காலத்து வெயிலோட இளஞ்சூடு. அவ்வளவுதான். எங்க கடை வாசல்ல குளிர் நாள்ல காலைல ஒரே ஒரு துண்டு வெயில் விழும், எதிர்த்த ரெண்டு கட்டடத்துக்கு நடுவால. ஒரு ஸ்டூல் போடற அளவுதான். ஷட்டரத் தூக்கினதும் நான் போய்ப் பாத்துட்டு உள்ள குரல் குடுப்பேன். இவரு அப்படியே லென்ஸப் போட்டுட்டு வருவாரு. ஒரு ஸ்டூல்ல ரெண்டு பேரு.

கணவர்: முக்கால் ஸ்டூல் இவளுக்கு.

மனைவி: வெயில் நகர நகர ஸ்டூலையும் நகத்துவோம். கடைசியில பக்கத்து மருந்துக் கடை வாசலுக்குப் போயிருப்போம். அவன் முறைப்பான்.

ஒலிப்பதிவாளர்: இத எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே சொல்லுங்க மேடம். நான் குறுக்க பேசல.

மனைவி: என்னங்க... அப்ரிசிட்டி வந்துருச்சு.

கணவர்: எடுத்துட்டீங்களா?

ஒலிப்பதிவாளர்: எடுத்துட்டேன் சார். சார், மூச்சு... நீங்க இப்பதான் ரொம்ப பலமா விடுறீங்க.

கணவர்: ஏசி தூசி. மூக்கு அடைக்குது.

மனைவி: ஏசிய அணைச்சு ஒரு மணி நேரம் ஆச்சு, தொரை.

ஒலிப்பதிவாளர்: மேடம், உங்க வார்த்தை எல்லாம் முடிஞ்சுது. இப்ப என்னோடது ஒண்ணு பாக்கி. திரையில ஒரு வரி மட்டும் பதியாம சிவப்பாவே நிக்குது. முந்தாநாளும் தாண்டிட்டீங்க.

மனைவி: எது?

ஒலிப்பதிவாளர்: 'எனக்கு வலிக்கிறது.'

மனைவி: அத மெஷினே சொல்லிக்கட்டும்.

ஒலிப்பதிவாளர்: சொல்லும். கேளுங்க.

மெஷின்: எனக்கு வலிக்கிறது.

கணவர்: ரயில் மூணாவது பிளாட்பாரத்துல வருதுங்கற மாதிரி இருக்கு.

ஒலிப்பதிவாளர்: அதான் சார் பிரச்சனை. இதக் கேட்டு எந்த நர்ஸும் ஓடி வர மாட்டாங்க. ஆஸ்பத்திரியில கண்டிப்பாச் சொல்லிருக்காங்க, இது மட்டும் மனுஷக் குரல்ல நேரடியா இருக்கணும்னு.

மனைவி: சரி. எனக்கு வலிக்குது.

ஒலிப்பதிவாளர்: இது... எனக்கு லாட்டரி அடிச்சிருச்சுங்கற மாதிரி இருக்கு மேடம்.

மனைவி: எனக்கு வலிக்குதே!

ஒலிப்பதிவாளர்: இது இன்னும் பெரிய லாட்டரி.

கணவர்: வேணும்னா கிள்ளட்டுமா?

மனைவி: கிட்ட வந்து பாருங்க. நீங்கதான் வலிக்குதுன்னு சொல்லுவீங்க, அதையும் சேத்துப் பதிஞ்சுக்கட்டும்.

ஒலிப்பதிவாளர்: உங்க தொண்ட கரகரன்னு ஆயிருச்சு மேடம். நான் போய் வெந்நீர் கொண்டு வரேன். விளக்க அணைச்சுட்டேன், எதுவும் பதியாது. கொஞ்சம் ஓய்வா இருங்க.

கணவர்: ...போயிட்டாங்க. ஏன்டி? இத்தனை பெரிய பெரிய வார்த்தையெல்லாம் தண்ணி பட்ட பாடாச் சொல்ற. இந்தச் சின்னது வரலியா?

மனைவி: வரும்.

கணவர்: அப்புறம்?

மனைவி: வேணாம்னு பாத்தேன்.

கணவர்: ஏன்?

மனைவி: பதிஞ்சா பதிஞ்சதுதான. அந்த மெஷின் நம்ம மேஜை மேலயே உக்காந்திருக்கும். குரோக் கேக்கும், ஃபஜல் கேக்கும், சிரிப்புகூடக் கேக்கும். அதெல்லாம் சரி. ஆனா அதுக்குள்ள இதுவும் ஒரு பட்டனா இருக்கும், என் குரல்லயே. நீங்க தூசி தட்டும்போது தெரியாம விரல் படும். அப்ப வீடு முழுக்க நான் வலிக்குதுன்னு... நிஜமா எனக்கு வலிக்காத அன்னைக்குக்கூட.

கணவர்: நான் எங்க தூசி தட்டப் போறேன்?

மனைவி: அதுவும் சரிதான்.

கணவர்: இந்தா, இங்க பாரு. கேக்க எனக்குக் கஷ்டமா இருக்கும்தான். அதுக்காக அந்தப் பட்டன் இல்லாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா உன்ன? நான் பாட்டுக்கு உள்ள லென்ஸ் தேய்ச்சுக்கிட்டிருப்பேன். நீ அங்க படுத்திருப்ப. எனக்கு எப்படித் தெரியும்?

மனைவி: கை தட்டறேன்.

கணவர்: கை தட்டினா அண்ணன் மேடைப் பேச்சு ஆரம்பிச்சுடுவாரு.

மனைவி: அய்யோ... சிரிக்க வைக்காதீங்க, முடியல.

கணவர்: எனக்காகப் பதிஞ்சு குடு. உனக்காக வேணாம். எனக்கு அது வேணும்.

ஒலிப்பதிவாளர்: வந்துட்டேன். இந்தாங்க மேடம், வெந்நீர். பொறுக்கற சூடுதான்.

மனைவி: அப்புறம் குடிக்கறேன். விளக்கப் போடுங்க.

ஒலிப்பதிவாளர்: ரெடியா? உடனே வரணும்னு இல்ல மேடம். எத்தனை தடவ வேணாலும்...

மனைவி: வலிக்குது... ரொம்ப வலிக்குது.

ஒலிப்பதிவாளர்: ...போதும் மேடம். இன்னொண்ணு தேவையில்ல. நான்... நான் போய் இத சேவ் பண்ணிட்டு வரேன். நீங்க ரெண்டு பேரும் இருங்க.

மனைவி: என்னங்க. நடிப்பு எப்படி? பரிசு கிடைக்குமா?

கணவர்: நல்லா இருந்துச்சு.

மனைவி: அவ்வளவுதானா? கைகூடத் தட்டல.

கணவர்: ம்.

மனைவி: என்ன ம்? மூஞ்சிய ஏன் அந்தப் பக்கம் திருப்புறீங்க? இங்க பாருங்க... சரி, சொல்லிடறேன். நடிப்பு இல்ல. டெஸ்ட்டுக்குத் தொண்டையில சதை எடுத்தாங்கல்ல, அதுலருந்தே இருக்கு. எச்சில் முழுங்கினாக்கூட கண்ணாடித் துண்டு இறங்குற மாதிரி. சொன்னா நீங்க கடையச் சாத்திட்டு என் மூஞ்சிய பாத்துக்கிட்டு உக்காந்துருவீங்க. அதுக்குத்தான் சொல்லல. கோவமா?

கணவர்: இல்ல.

மனைவி: நல்லவேளை அதே சமயம் பாத்து உங்களுக்குப் பல்லு வலி வந்துச்சு. எல்லாத்தையும் மிக்ஸியில அடிச்சுக் கூழாக்குன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. நானும் சலிச்சுக்கிட்டே உங்க பேரச் சொல்லிக் குடிச்சுட்டேன். இல்லன்னா என்னைக்கோ மாட்டியிருப்பேன். நான் வேற, பாவம், ஹம்டர்ஜன் ஹம்டர்ஜன்னு உங்கள ஓட்டிக்கிட்டே இருந்தேன்.

கணவர்: இல்லாத வியாதிய இருக்கறதா நினைச்சுக்கிட்டுப் புலம்பறது. அந்த வார்த்தையப் பதியலியே நீ?

மனைவி: இவங்க முன்னாடி உங்க மானத்த வாங்க வேணாம்னுதான். உங்களுக்கு நிஜமாவே வலிச்சிருக்கும், நான்தான் புரிஞ்சுக்கல. இப்ப எப்படி இருக்கு பல்லு?

கணவர்: ஹம்டர்ஜன்தான்டி... தண்ணி முழுங்கும்போது நீ கண்ண மூடிக்கறத அப்பவே பாத்துட்டேன். டாக்டர்கிட்ட கேட்டேன், எல்லாத்தையும் கூழாக் கரைச்சுக் குடுங்கன்னாரு. உனக்குன்னு செஞ்சா தொடமாட்ட, 'எனக்கென்ன கேடு'ம்ப. அதான் எனக்குன்னு கேட்டேன். என் பல்லுக்கு ஒண்ணுமில்ல, கல்லக் குடுத்தாலும் கடிப்பேன்.